மியூனிக்கிலிருந்து பெர்னுக்குக் காரில்

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளை உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஐரோப்பா போய் வந்தவர்கள் நம் சங்கத்தில் இப்போது வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஆகையால் ஈஃபில் கோபுரத்தைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுமில்லை. செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது இதையேதான் சொன்னேன். "ஸார், டூர் கம்பெனியோடு போனவர்கள் எல்லாம் பேசியாகிவிட்டது. குடும்பத்தோடு காரில் போனவர் நீங்கள்தான். அதைச் சொல்லுங்கள்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தக் கதையில் என்னுடைய அசட்டுத்தனம் ஒன்று வருகிறது. அதை விட்டுவிட்டுச் சொல்லலாமா என்று வீட்டில் கேட்டேன். "அதை விட்டா மீதி வெறும் கிலோமீட்டர் கணக்குதான்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

2023 ஜூன் மாதம். என் மகன் மியூனிக்கில் வேலையாக இருக்கிறான். நாட்டுப்பெண்ணுக்கும் அங்கேயே வேலை. பேத்திக்கு அப்போது வயது 11. ஒரு வாரம் லீவு எடுத்திருக்கிறேன், எங்கே போகலாம் சொல்லுங்கோ என்றான் மகன். பாரீஸ், வெனிஸ் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. நான் உல்ம், ஜூரிச், ஆராவ், பெர்ன் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

நான் 1970இல் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்தவன். அதன் பிறகு உத்தியோகத்தில் கோப்புகளைத் தவிர வேறு எதையும் படித்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ஐன்ஸ்டைன் மேல் இருந்த பக்தி மட்டும் போகவில்லை. அவர் 1879 மார்ச் 14 அன்று பிறந்தது உல்மில். அடுத்த வருஷமே குடும்பம் மியூனிக்குக் குடிபெயர்ந்தது. பிறகு ஆராவில் பள்ளி, ஜூரிச்சில் கல்லூரி, பெர்னில் உத்தியோகம். எல்லாம் அக்கம்பக்கத்தில்தான் இருக்கின்றன. சுற்று வழியில் போனாலும் 500 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் வரும், நாம் இங்கிருந்து ஹைதராபாத் போகிற தூரம். திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் இருக்கும்போது நான் காரில் போகக் கூடாதா?

கிளம்பின பத்து நிமிஷத்தில் முதல் தகராறு. பெரியவர் என்று மரியாதையாக என்னை முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். நமக்குப் பழக்கமான டிரைவர் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. ஆட்டோபானில் பல இடங்களில் வேகத்துக்கு வரம்பு கிடையாது. 130 என்பது ஒரு யோசனைதான். மகன் 160ஐத் தொட்டான். என் வலது கால் தன்னால் தரையை அழுத்துகிறது. "மெதுவா, மெதுவா" என்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பாடமும் எடுத்தேன். அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, "அப்பா, நீங்க பின்னாடி உக்காந்துக்கோங்கோ" என்றான். நாட்டுப்பெண் முன்னால் போனாள். நான் பின்னால், எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் பேத்தி. அங்கே 12 வயதுக்குள், 150 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கிற குழந்தை தனி இருக்கை போட்டுத்தான் உட்கார வேண்டும். அந்த உயரத்தில் அவள் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நான் குட்டையாகத் தெரிந்தேன். நாற்பது பேர் உள்ள ஆபீஸை நடத்தினவனுக்கு இது கொஞ்சம் உறைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உல்ம் வருவதற்கு முன்னால் வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. எங்கோ விபத்து. அப்போது பார்த்த காட்சியை மறக்கவே மாட்டேன். யாரும் ஹார்ன் அடிக்கவில்லை, சந்தில் புகுந்து முன்னால் போகப் பார்க்கவில்லை. இடது கோடி வரிசையில் இருந்தவர்கள் இடது ஓரமாக ஒதுங்கினார்கள். மற்ற வரிசைகள் வலப்புறமாக. நடுவில் ஒரு தெரு போல வழி திறந்தது. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ் சத்தமே கேட்டது. சத்தம் கேட்டு ஒதுங்குவதில்லை. வண்டிகள் ஊர்ந்து நிற்க ஆரம்பித்த உடனேயே ஒதுங்க வேண்டும் என்பது சட்டம் என்றான் மகன். நம் ஊரில் ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிற மோட்டார் சைக்கிள்கள் என் நினைவுக்கு வந்தன.

உல்மில் சர்ச் கோபுரம் 161.5 மீட்டர். 1377இல் அஸ்திவாரம் போட்டு 1890இல் கட்டி முடித்தார்கள். நாங்கள் பார்த்தபோது உலகத்திலேயே உயரமான சர்ச் அதுதான்; 2025 அக்டோபரில் பார்சிலோனா சர்ச் அதைத் தாண்டிவிட்டது. 768 படிகள் என்றார்கள். எனக்கும் என் மனைவிக்கும் கீழே பெஞ்ச் போதும். 1811இல் இந்த ஊரில் பெர்ப்லிங்கர் என்ற தையற்காரர் தானே செய்த இறக்கைகளைக் கட்டிக்கொண்டு டான்யூப் நதியைப் பறந்து கடக்கப் பார்த்து, எல்லோர் முன்னாலும் தண்ணீரில் விழுந்தாராம். பேத்திக்கு ஐன்ஸ்டைனை விட இவரைத்தான் பிடித்தது. ஐன்ஸ்டைன் பிறந்த வீடு இப்போது இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து போய்விட்டது. அந்த இடத்தருகே கிரானைட் கற்களால் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கம், ஜனங்கள் அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மேர்ஸ்பர்க்கில் காரோடு படகில் ஏறிக் கால் மணியில் கான்ஸ்டன்ஸ் ஏரியைக் கடந்தோம். ஷாஃப்ஹவுசனில் ரைன் நதி அருவி, 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். என் மனைவி எலுமிச்சம் சாதமும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அருவிச் சாரலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எல்லையில் எங்கள் பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலையில் ஓட்ட 40 பிராங்க் கொடுத்து ஒரு ஸ்டிக்கரை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டினோம். ஒரு நாளானாலும் ஒரு வருஷமானாலும் அதே 40தான். அந்த ஆகஸ்டிலிருந்து அதை ஸ்டிக்கர் இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே வாங்கவும் வசதி வந்துவிட்டது.

ஜூரிச்சில் இரண்டு இரவு. 16 வயதில் ஐன்ஸ்டைன் அங்கே பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வு எழுதித் தேறவில்லை. கணக்கிலும் பௌதிகத்திலும் நல்ல மார்க், மற்றதில் போய்விட்டது. ஆகவே ஒரு வருஷம் ஆராவில் பள்ளியில் படித்துவிட்டு 1896இல் வந்து சேர்ந்தார். இதைக் கேட்டதும் பேத்தி தன் அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது தனிக் கதை.

இனிமேல்தான் என் விஷயம். எனக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை உண்டு. காலையும் ராத்திரியும் இன்சுலின். ஐஸ் வைத்த சின்னப் பை ஒன்றில் பாட்டில்களை வைத்திருப்பேன். ஹோட்டலுக்குப் போனால் அறை ஃபிரிட்ஜில் எடுத்து வைப்பேன். ஜூரிச்சில் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி மகன், "மருந்துப் பையை மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்கோப்பா, நான் பாத்துக்கறேன்" என்றான். பின் சீட்டுக்குத் தள்ளின கோபம் எனக்கு இன்னும் இருந்தது. "என் மருந்தை நான் பாத்துக்க மாட்டேனா? உன்னை இந்தியாவிலேர்ந்து பரீட்சைக்கு அனுப்பினபோது லிஸ்ட் போட்டு பாக் பண்ணினது யாரு?" என்று கேட்டேன். அவன் பேசாமல் போய்விட்டான்.

மறுநாள் காலை ஊசி போட்டுக்கொண்டேன். பழக்க தோஷத்தில் பாட்டிலைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தேன். எட்டரைக்கு அறையைக் காலி செய்தோம். ஆராவில் நிறுத்திக் காபி குடித்தோம். அப்போது மடியில் இருந்த பையைத் தொட்டுப் பார்த்தேன். லேசாக இருந்தது. திறந்தேன். ஐஸ் பொட்டலம் மட்டும்தான் இருந்தது.

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். ஜூரிச் 50 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது. சொல்லவில்லை. திரும்பிப் போனால் பெர்னில் ஐன்ஸ்டைன் வீட்டை மூடிவிடுவார்களோ என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் அது இல்லை என்பது உங்களுக்கே தெரியும். பையின் ஜிப்பை மூடினேன்.

பெர்னில் அந்த வீடு கிராம்காஸே என்ற தெருவில் 49ஆம் எண். 1903 முதல் 1905 வரை ஐன்ஸ்டைன் மனைவியோடு இரண்டாவது மாடியில் குடியிருந்தார். முதல் பையன் பிறந்ததும் அங்கே இருந்தபோதுதான். குறுகலான மாடிப்படி. ஏறும்போதே எனக்கு நாக்கு வறண்டது. மேலே சின்னக் கூடம், மேஜை, நாற்காலி, சுவரில் படங்கள். பேத்தி கேட்டாள்: "தாத்தா, இவர் இங்கே புரொஃபஸரா இருந்தாரா?"

இல்லை என்றேன். படித்து முடித்த பிறகு இவருக்குக் கல்லூரியில் யாரும் வேலை கொடுக்கவில்லை. நண்பனின் அப்பா சிபாரிசில் 1902இல் இந்த ஊர் காப்புரிமை அலுவலகத்தில் சேர்ந்தார். பதவி, மூன்றாம் வகுப்புத் தொழில்நுட்ப நிபுணர், அதுவும் தற்காலிகம். வருஷத்துக்கு 3500 பிராங்க் சம்பளம். தினம் எட்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். மற்றவர்களுடைய விண்ணப்பங்களைப் படித்துக் குறிப்பு எழுத வேண்டும். அப்படி வேலை பார்த்துக்கொண்டே 1905 என்ற ஒரே வருஷத்தில், ஒளித் துகள், பிரௌனியன் இயக்கம், சார்பியல், பொருளும் ஆற்றலும் ஒன்றே என்று நான்கு கட்டுரைகளை எழுதினார். இரண்டாம் வகுப்புக்குப் பிரமோஷன் வந்தது 1906இல்தான். நம் டிபார்ட்மென்டுகளை விட வேகம் என்று சொல்ல வேண்டும். "நானும் கிளாஸ் த்ரீயிலதான் சேர்ந்தேன், தெரியுமோ?" என்று சொல்லிவிட்டு, பேச்சு வாக்கில், "எனக்கு எம்.எஸ்ஸி. சீட் கெடைச்சிருந்தது. அந்த வருஷம் அப்பா போயிட்டா. ரெண்டு தங்கை. அதனால உத்தியோகம்" என்றேன். மகன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்று ராத்திரி, "போட்டாச்சா?" என்று மனைவி கேட்டாள். "ஆச்சு" என்றேன். காலையில் திரும்பவும் கேட்டாள். திரும்பவும் "ஆச்சு." ராத்திரி நாலு தடவை எழுந்திருந்தேன். தாகம் அடங்கவில்லை.

என் திட்டம் இது: காலை நடை என்று சொல்லிவிட்டுப் போய், மருந்துக் கடையில் ஒரு பாட்டில் இன்சுலின் வாங்கிவிடுவது. சிரிஞ்சுகள் வேறு பையில் பத்திரமாக இருந்தன. இருபது யூனிட் இழுத்துப் போட்டுக்கொண்டால் விஷயம் முடிந்தது, யாருக்கும் தெரியப் போவதில்லை. பச்சைச் சிலுவை விளக்கு எரியும் கடை ஒன்றைக் கண்டுபிடித்தேன். உள்ளே இருந்த பெண்ணுக்கு என் பேத்தியை விடப் பதினைந்து வயது கூட இருந்தால் அதிகம். நல்ல ஆங்கிலம். சீட்டு இருக்கிறதா என்றாள். கைப்பேசியில் நம் டாக்டர் எழுதியதைக் காட்டினேன். அதில் இருந்தது இந்திய பிராண்டு பெயர், அவளுக்கு விளங்கவில்லை. எதனால் போட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள். சிவப்பு மூடி போட்ட என் சிரிஞ்சை எடுத்து வைத்தேன். அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் படித்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

நண்பர்களே, இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். உங்களில் பாதிப் பேருக்காவது வேண்டியிருக்கும். நம் நாட்டில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. அங்கெல்லாம் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. என் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். நம் இன்சுலினில் அரை மில்லியில் 20 யூனிட். அவர்கள் இன்சுலினில் அதே அரை மில்லியில் 50 யூனிட். இரண்டரை மடங்கு! முந்தின ராத்திரி சரியாகச் சாப்பிடாத எழுபது வயதுக் கிழவன் 50 யூனிட்டை ஏற்றிக்கொண்டு தெருவில் நடந்திருப்பேன். நான் அவளிடம் "யூனிட் என்றால் யூனிட்தானே" என்று வாதாடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். பி.எஸ்ஸி. பௌதிகம். செறிவு என்பதைப் பத்தாம் வகுப்புப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான்.

என்னை நாற்காலியில் உட்கார வைத்து விரலில் குத்திப் பார்த்தாள். 19.4 என்று காட்டியது. பத்தொன்பதா, இவ்வளவு இறங்கிவிட்டதா என்று ஒரு கணம் எனக்கு உயிரே போய்விட்டது. அங்கே மில்லிமோல் கணக்கு. நம் கணக்குக்கு 18ஆல் பெருக்க வேண்டும், 349. இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "உங்களோடு யார் வந்திருக்கிறார்கள்?"

மகன் வந்தான். காலில் ஹோட்டல் அறைச் செருப்பு. அவள் சொன்னதை எல்லாம் கேட்டான். என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எப்போ தெரிஞ்சுது?"

"ஆராவிலே."

"அம்பது கிலோமீட்டர்ப்பா. அரை மணி நேரம்."

அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பக்கத்திலேயே ஒரு டாக்டர் ஒரு மணி நேரத்தில் பார்த்தார். கீட்டோன் பரிசோதனை செய்தார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் எழுதிக் கொடுத்தார். செலவை ரூபாயில் மாற்றிப் பார்க்கக் கூடாது என்று மகன் உத்தரவு. அன்றைக்கு ஏரிக்கரைக்குப் போவதாக இருந்தது; ரத்து. பேத்தி மட்டும் என்னோடு சீட்டு விளையாடினாள். என் மனைவி சாயங்காலம் வரை பேசவில்லை. பிறகு, "போட்டாச்சான்னு கேட்டேன். ஆச்சுன்னேள். ரெண்டு தடவை" என்றாள். கல்யாணம் ஆகி அப்போது 48 வருஷம்.

போகிறவர்கள் டாக்டரிடம் மருந்தின் பொதுப் பெயரையும், ஒரு மில்லிக்கு எத்தனை யூனிட் என்பதையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தை இரண்டு பையில் பிரித்து இரண்டு பேரிடம் வையுங்கள். நிறுத்தின காரில் வெயிலில் விட்டுவிடாதீர்கள், கெட்டுப்போகும். சிரிஞ்சு தீர்ந்தால் அங்கே வாங்கி நம் பாட்டிலில் போடாதீர்கள். அப்போது 20 யூனிட் கோட்டில் எட்டு யூனிட்தான் போகும். அவசரத்துக்கு ஐரோப்பா முழுக்க 112.

மறுநாள் மியூனிக் திரும்பினோம். கிளம்பும்போது மகன் முன் கதவைத் திறந்து, "இங்கே உக்காருங்கோ" என்றான். ஜூரிச் ஹோட்டலில் வரவேற்பில் இருந்தவர் ஒரு காகிதப் பையை எடுத்துக் கொடுத்தார். மேலே என் பெயரும் அறை எண்ணும் எழுதியிருந்தது. சமையலறை ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்களாம். மகன் அதை வாங்கி என்னிடம் கொடுக்கவில்லை, தன்னிடமும் வைத்துக்கொள்ளவில்லை. பேத்தியிடம் கொடுத்தான்.

ஆஸ்திரியாவில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பவும் ஜெர்மனிக்குள் வந்தபோது கேட்டான்: "எம்.எஸ்ஸி. சீட் கெடைச்சிருந்ததா உங்களுக்கு?"

"ஆமாம்."

"எனக்கு இத்தனை வயசாச்சு. ஒரு தடவை கூடச் சொன்னதில்லையே. நான் எம்.எஸ். படிக்கக் கிளம்பறபோது கூட?"

சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அப்போது நினைத்தேன் என்றேன். கொஞ்ச நேரம் ஓட்டிக்கொண்டே வந்தான். "இன்னும் என்னவெல்லாம் சொல்லலை?" என்றான். மியூனிக்குக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அப்பா போன வருஷம், தங்கைகள் கல்யாணக் கடன், ஒரு டிரான்ஸ்ஃபர் விவகாரம், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பின் சீட்டில் இருந்து என் மனைவி நடுநடுவே தேதியைத் திருத்தினாள். எவ்வளவு வேகத்தில் போனோம் என்று நான் பார்க்கவே இல்லை.

முன் வரிசையில் அவள் இப்போது கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறாள். ஏழரை ஆகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் நான் போட்டுக்கொள்ள வேண்டும், அவள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் அப்படித்தான்.